ஆய்வுக் கட்டுரையைச் சோதிக்கும் மென்பொருள்

2021இல் மலேசியாவில் கோவிட்-19 தொற்று உச்சத்தில் இருந்தபோது, ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து இந்த நோயையும் தீர்க்கும் என்ற பேச்சு பரவலாக இருந்தது. அதற்குப் பெரிதும் துணைநின்ற ஆய்வு எகிப்திலிருந்து வந்தது. அது 2020 நவம்பரில் முன்வெளியீடாக, அதாவது வல்லுநர்கள் மதிப்பிடுவதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட கட்டுரையாக வெளிவந்தது. லண்டனில் படித்த ஒரு மருத்துவ மாணவர் அதன் தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தார். ஆய்வு தொடங்கிய தேதிக்கு முன்பே இறந்துபோனவர்களும் அதில் நோயாளிகளாக இருந்தார்கள். 2021 ஜூலையில் கட்டுரை நீக்கப்பட்டது. ஒரு மாணவரால் அதைச் சாய்க்க முடிந்ததற்குக் காரணம், தரவு கைக்கு எட்டியதுதான்.

எல்லாக் கட்டுரைகளின் தரவும் அப்படிக் கைக்கு எட்டுவதில்லை; எட்டினாலும் பார்க்க ஆள் வேண்டும். 2019 ஜூனில் தொடங்கிய மெட்ஆர்கைவ் முன்வெளியீட்டுத் தளத்தில் கோவிட் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. உட்கார்ந்து படிக்க ஆள் போதவில்லை. எனவே 2020இல் பெர்லினைச் சேர்ந்த டிரேசி வைஸ்கெர்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல மென்பொருள்களை 'ஸ்கிரீன்ஐடி' என்ற பெயரில் ஒன்றிணைத்து அக்கட்டுரைகளை அலசினார்கள். ஓட்பப், தரவும் கணினி நிரலும் பொதுவில் உள்ளனவா என்று தேடும். சைஸ்கோர், நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்களா, எத்தனை பேர் தேவை என்று முன்கூட்டியே கணக்கிடப்பட்டதா என்று பார்க்கும். பார்சூக்கா, சிதறிக் கிடக்கும் அளவுகளை ஒரே பட்டைக்குள் மறைக்கும் வரைபடங்களைக் கண்டுபிடிக்கும். ஆய்வின் குறைகளை ஆசிரியரே ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று பார்க்கவும் ஒரு கருவி உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கட்டுரைகளே அப்படி ஒப்புக்கொண்டிருந்தன.

இக்கருவிகள் தேடும் சொற்களையெல்லாம் எழுதிவிட்டு ஒரு பொய்யர் தப்பிவிட மாட்டாரா? தப்பலாம். ஆய்வு மெய்யா பொய்யா என்று இக்கருவிகள் சொல்வதில்லை. அதைப் பிறர் சரிபார்க்க வழி இருக்கிறதா என்பதைத்தான் சொல்கின்றன. அந்த வழி எவ்வளவு மதிப்புள்ளது என்பதை மலேசியாவில் நடந்த ஓர் ஐவர்மெக்டின் ஆய்வே காட்டும். 20 அரசு மருத்துவமனைகளில் 490 நோயாளிகளிடம் ஐவர்மெக்டின் சோதிக்கப்பட்டது. ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவானது. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். யாருக்கு மருந்து என்பது மறைக்கப்படவில்லை என்ற குறையையும் கட்டுரையே சொன்னது. மருந்து பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் கடுமையானது. மருந்தால் பயனில்லை என்ற அம்முடிவு 2022இல் வெளியானது. அதை நம்பச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பது கட்டுரையிலேயே இருக்கிறது.

மென்பொருள் தவறும் செய்யும் என்பது இன்னொரு மறுப்பு. நோயாளிகளே இல்லாத கணித ஆய்விலும் குலுக்கல் எங்கே என்று அது கேட்கலாம். ஆகவே அதன் அறிக்கையை மதிப்பெண்ணாக்கி, கட்டுரையை ஏற்கவோ தள்ளவோ பயன்படுத்துவது பிழை. கட்டுரை வெளியாகும் முன் எழுதியவர் கையில் அது கிடைப்பதே முறை. பீடோங் எய்ம்ஸ்ட் போன்ற பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வை எழுதும் மாணவருக்கு, விட்டுப்போனதைச் சில நிமிடங்களில் சுட்டிக்காட்டும் துணை அது. சொல்லாமல் விட்டதை மென்பொருள் காட்டட்டும். சொன்னது சரியா என்று பார்க்கும் பொறுப்பு மனிதர்களுடையது.