கதவில் எழுதிய பெயர்: வீடு தேடிப்போகும் தொழிலுக்கு ஒரு சின்னக் கார்

பின்னேரம் நாலரை மணி தாண்டினால் எங்கள் தெருவில் பீத்தோவன் கேட்கிறது. சூன் பாண் ஓட்டோ வருகிறது என்று அர்த்தம். அந்த மெட்டின் பெயர் 'ஃபூர் எலிசே' என்பதோ, அதை எழுதியவர் இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஜேர்மன் இசையமைப்பாளர் என்பதோ வாசலுக்கு ஓடிவரும் பிள்ளைக்குத் தெரியாது. மாலு பாண் வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அந்த ஓட்டோக்காரர் பத்திரிகையில் விளம்பரம் போட்டவரில்லை. பேஸ்புக்குக்கு டொலர் கட்டியவருமில்லை. கடை, பெயர்ப்பலகை, விளம்பரம் மூன்றும் அவருக்கு அந்த மூன்று சக்கரத்திலேயே இருக்கின்றன.

நம்மவர்களில் இன்று வீடு தேடிப்போய் வேலை செய்கிறவர்கள் ஏராளம். ஏசி, பிரிட்ஜ் திருத்துகிறவர்கள், சிசிடிவி பூட்டுகிறவர்கள், சோபா கழுவுகிறவர்கள், கறையானுக்கு மருந்து அடிக்கிறவர்கள், வாகனத்துக்கு நடுத்தெருவில் பற்றரி மாற்றிக் கொடுக்கிறவர்கள். இவர்களில் பலருக்குக் கடை கிடையாது. காலி வீதியில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, 'கீ மணி' கட்டி உட்காரும் வசதியும் கிடையாது. அவர்களிடம் இருப்பது ஒரு பழைய ஆல்ட்டோவோ மாருதியோதான். அதையே விளம்பரப் பலகையாக்கினால் என்ன என்று சமீப காலமாகப் பலர் கேட்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளிலிருந்து அந்தக் கார் என்னென்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒட்டுவது நல்லது.

இந்த வழியில் பெரிதாக வளர்ந்தவர்களுக்கு உதாரணமாக அமெரிக்காவின் 'கீக் ஸ்குவாட்' நிறுவனத்தைச் சொல்வார்கள். 1994இல் மினியாபொலிஸ் நகரில் ரொபர்ட் ஸ்டீபன்ஸ் என்ற இளைஞர் கம்பியூட்டர் திருத்தும் வேலையைத் தனி ஆளாகத் தொடங்கினார். ஆரம்பத்தில் சைக்கிளில்தான் வீடு வீடாகப் போனார். பிறகு பழைய கார்கள். அதன் பிறகு கறுப்பும் வெள்ளையும் பூசிய சின்ன வொக்ஸ்வேகன் பீட்டில்கள், கதவில் செம்மஞ்சள் நிற இலச்சினை. 2002இல் பெஸ்ட் பை என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. அந்தப் பீட்டிலில் என்னைக் கவர்ந்த விடயம், அதில் எழுத்து மிகக் குறைவு என்பதே. சேவைகளின் பட்டியல் இல்லை, ‘20 வருட அனுபவம்’ இல்லை. தூரத்தில் வரும்போதே 'அவர்கள் வருகிறார்கள்' என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 2010களின் தொடக்கத்தில் கொழும்பில் டாட்டா நானோக்கள் டாக்ஸியாக ஓடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சின்ன உடம்பைப் பார்த்தாலே, இது காசுக்கு மீட்டர் போட்டு ஓடும் மலிவான வண்டி என்று புரிந்துவிடும்.

தெஹிவளையில் எனக்குத் தெரிந்த நாநா ஒருவர் ஏசி திருத்துகிறவர். முன்பு மோட்டார் சைக்கிளில் போவார். கேஸ் சிலிண்டரும் வெக்குவம் பம்பும் ஏணியும் அதில் ஏறாது என்பதால் வேலையின் பாதியில் ஓட்டோ பிடித்து சாமான் எடுத்து வரச் சொல்வார். பிறகு ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்பே வாங்கியது அவருடைய நல்ல நேரம். தனியார் வாகனங்களுக்கான தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நான் சொல்லத் தேவையில்லை. 2022இல் கியூஆர் முறை வந்தபோதும் அவருக்குச் சமாளிக்க முடிந்தது. ஆரம்பத்தில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கும் வேனுக்கும் 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஆல்ட்டோ ஓடிய தூரம் பெரிய வேனால் ஓட முடியாத தூரம்.

அவர் ஸ்டிக்கர் ஒட்டச் செலவழித்தது லீசிங்கின் ஒரு மாதத் தவணையை விடக் குறைவு. ஒட்டிய பிறகு எத்தனை அழைப்பு வந்தது என்று கேட்டேன். கொப்பியைக் காட்டினார். ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் 'எங்கே நம்பர் எடுத்தீங்க?' என்று கேட்டு எழுதி வைத்திருந்தார். இந்தப் பழக்கம் இல்லாதவர் ஸ்டிக்கருக்குப் போட்ட காசு வந்ததா போனதா என்று ஒருநாளும் அறியமாட்டார். கொப்பிக்குப் பொறுமை இல்லாவிட்டால் காருக்கென்று தனி சிம் ஒன்று எடுத்து அந்த இலக்கத்தை மட்டும் காரில் போடுங்கள். வரும் அழைப்பெல்லாம் காரைப் பார்த்து வந்ததே.

கொப்பியில் இருந்த விபரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீதியில் ஓடும்போது பார்த்து அழைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலானோர் 'பக்கத்து வீட்டில் கார் நின்றது, பார்த்தேன்' என்றவர்கள். யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடிக்குப் பதினொரு மீற்றர் கடக்கிறது. தெரு ஓரத்தில் நிற்பவருக்கு வாசிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடி. அதற்குள் ஐந்தாறு சொல்லுக்கு மேல் யார் கண்ணிலும் ஏறாது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் அந்தக் கார் ஒன்றரை மணி நேரம் நிற்கும்போது அயல் முழுவதும் நிதானமாக வாசிக்கிறது. அதோடு, 'இந்த வீட்டார் நம்பிக் கூப்பிட்ட ஆள் இவர்' என்ற சாட்சியும் சேர்ந்து கிடைக்கிறது. எந்தப் பதாகையாலும் அதைத் தர முடியாது. தொடர்மாடிகளின் காவலாளிகூட மோட்டார் சைக்கிளில் வந்த காலத்தில் அவரை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர். இப்போது கதவைப் பார்த்துவிட்டு மேலே போன் எடுத்துச் சொல்லிவிடுகிறார். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வேலைக்குப் போக நேர்ந்தாலும், வந்திருப்பது யார், எதற்கு என்பது தெருவுக்கே தெரிகிறது. இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அப்படியானால் எங்கே எதை எழுதுவது? பக்கவாட்டுக் கதவுகள் நிற்கும்போது வாசிக்கப்படுபவை. அங்கே தொழிலின் பெயர் பெரிதாக இருக்கட்டும். பின்பக்கம் நெரிசலில் பின்னால் நிற்பவர் வாசிப்பது. வெள்ளவத்தை சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கும் சாரதிக்கு உங்கள் காரின் பின்புறத்தைத் தவிரப் பார்க்க வேறெதுவும் இல்லை. தொலைபேசி இலக்கத்தின் இடம் அதுதான். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு. ஐம்பது அடிக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டுமென்றால் ஐந்து அங்குலம். சின்னக் காரின் கதவில் அந்த அளவில் எழுதினால் இடம் சீக்கிரம் முடிந்துவிடும். முடியட்டும், நல்லதுதான், தேவையற்ற சொற்கள் தாமாகவே வெளியேறும். வேறொன்று: இலக்கத்துக்கு மேலே 786 என்று எழுதும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதையும் சேர்த்து டயல் பண்ணியவரை எனக்குத் தெரியும்.

மொழி விடயத்தில் மூன்றையும் சமமாகப் போட வேண்டும் என்று முயன்று மூன்றையும் சிறிதாக்கிவிடுகிறார்கள். நீங்கள் அதிகம் வேலை செய்யும் பகுதியில் மக்கள் எந்த மொழியில் வாசிக்கிறார்களோ அது பெரிதாக இருக்கட்டும். களுபோவிலைக்குச் சிங்களம், காத்தான்குடிக்குத் தமிழ். தமிழ் எழுத்தை மட்டும் நீங்களே நின்று சரிபாருங்கள். ஸ்டிக்கர் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. யுனிகோட்டில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். வெட்டி ஒட்டும் வினைலில் இன்னொரு சங்கடம்: மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சின்னத் துண்டு என்பதால் நாலு தடவை சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவியதும் அதுதான் முதலில் உரிந்துபோகும். 'திருத்தல்' என்பது 'திருத்தல' என்று நிற்கும். 'திருத்தவில்லை' என்று வாசிக்கிறவர்களும் உண்டு! எழுத்தைத் தனித்தனியாக வெட்டாமல் ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. சிவப்பை நம்ப வேண்டாம். நம் வெயிலில் முதலில் வெளுப்பது அந்த நிறம்.

வார நாட்களில் தொழிலும் வெள்ளிக்கிழமை குடும்பமுமாக ஒரே காரை ஓட்டுகிறவர்கள் காந்தத் தகட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது ஒட்டி, இல்லாதபோது கழற்றலாம். பிளாஸ்டிக் பம்பரில் நிற்காது. மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் உள்ளே ஈரமும் மண்ணும் சேர்ந்து பெயின்ட்டைத் தின்னும்.

வீட்டிலிருந்து கேக் செய்பவர்கள், மருதாணி போடப் போகிறவர்கள் என்று சகோதரிகள் பலரும் இன்று சொந்தக் காரில் போய்வருகிறார்கள். அவர்கள் தம் சொந்த இலக்கத்தைக் காரில் எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அழைப்பவர் எல்லோரும் கேக்குக்காக அழைப்பதில்லை. தொழிலுக்கென்று வேறு இலக்கம், அதிலும் வட்ஸ்அப் மட்டும். அல்லது பக்கத்தின் பெயர் மட்டும் போதும்.

இனி, பலர் என்னிடம் தனியாகக் கேட்டு, வெளியில் கேட்கத் தயங்கும் கேள்வி. பெயரைப் போடுவதா? 2013இல் ஹலால் இலச்சினையை வைத்து நடந்த சர்ச்சையும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லி எழுந்த குரல்களும் யாருக்கும் மறக்கவில்லை. அதன் பிறகு பெயர்ப்பலகையில் இருந்த வாப்பாவின் பெயரை எடுத்துவிட்டு 'கூல் டெக்', 'ஸ்மார்ட் பிக்ஸ்' என்று மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, பிழைப்பு அவர்களுடையது. தொழிலின் பெயர் முதலில் வருவது வாடிக்கையாளருக்கும் வசதியே. ஆனால் மறைப்பதற்காக மறைக்கும் பெயர் வேலைக்கு ஆகாது. கதவைத் திறந்ததும் நீங்கள் யார் என்று தெரியத்தான் போகிறது. தெஹிவளை நாநா தொழிலைப் பெரிதாகவும் தன் பெயரைக் கீழே சிறிதாகவும் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய வாடிக்கையாளர்களில் அதிகமானோர் சிங்களவர்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

பெயர் இருப்பதன் விலையையும் அவர் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வேலைக்கார இளைஞன் ஜும்ஆவுக்குப் பிந்திப் போய், ஒரு வீட்டின் கேற்றை மறித்துக் காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவிட்டான். அந்த வீட்டில் ஒரு நோயாளியை வைத்தியசாலைக்கு எடுத்துப்போக இருந்தார்கள். இருபது நிமிடம் தாமதம். தொழுகை முடியும் முன்பே காரின் படம் அந்தப் பகுதி பேஸ்புக் குழுவில் ஏறிவிட்டது. பெயரும் இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. அவர்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தாரே! அன்று பின்னேரம் வரை வந்த அழைப்புகளில் ஏசி பற்றியது ஒன்றுமில்லை. திட்டியவர்களில் பலர் அவரைத் திட்டவில்லை, 'நீங்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று திட்டினார்கள். அஸருக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசி அனுப்பினார். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எழுத்தில்லாத வெள்ளை ஆல்ட்டோ ஒன்று அதே கேற்றை மறித்திருந்தால் அடுத்த நாள் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் நிறத்தையே மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். லீசிங் முடியாத வாகனமென்றால் அந்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். கண்ணாடியை மறைத்து ஒட்டாதீர்கள்; 2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற வைத்த பொலிஸ் நடவடிக்கையைப் பார்த்தோம். காப்புறுதியில் சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுக் கதவில் தொழில் பெயருடன் ஓடினால், விபத்து நடந்த அன்று அந்த ஸ்டிக்கரே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். சிம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மச்சானின் பெயரில் எடுத்த சிம்மை நம்பி இலக்கம் எழுதி, பிறகு அது கைவிட்டுப்போய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தவர்கள் உண்டு. காரை விற்கும்போதும் அப்படித்தான். ஸ்டிக்கரை உரித்தாலும் சுற்றியுள்ள பெயின்ட் வெளுத்திருப்பதால் உங்கள் பெயர் நிழலாகத் தெரியும். பொலிஷ் பண்ணி அழித்த பிறகே கொடுங்கள். வாங்குகிறவர் எப்படி ஓட்டுவார் என்று உங்களுக்குத் தெரியாது.

தெஹிவளை நாநா இப்போது இரண்டாவது கார் ஒன்று வாங்கியிருக்கிறார். மகன் ஓட்டுகிறான். அன்று கேற்றை மறித்த இளைஞனும் இன்னும் அவரிடம்தான் வேலை செய்கிறான், மகனோடு போகிறான். ஸ்டிக்கர் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம், இதற்கும் அதே டிசைன்தானே என்று. இவர் இன்னும் கொடுக்கவில்லை. ‘ஆறு மாசம் வெறுங்காராக ஓட்டட்டும், பார்ப்போம்’ என்கிறார்.