கூலன்ட் எங்கே போகிறது?

கோடை விடுமுறை நாள்களில் மும்பை–புணே விரைவுச் சாலையின் போர் காட் மலையேற்றத்தில், பானெட்டைத் திறந்து வைத்தபடி ஓரமாக நிற்கும் கார்களைக் காணலாம். சமவெளியில் பல வாரங்கள் தன்னை வெளிக்காட்டாத சிறு கசிவு, வெயிலும் ஏற்றமும் நெரிசலும் ஒன்றுசேரும்போது எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடுகிறது. வாகனக் கடனில் கார் வாங்கியுள்ள நம் வாடிக்கையாளர்களுக்கு இது பணத்தைப் பற்றிய செய்தியும் ஆகும். கார் பணிமனையில் நின்றாலும் மாதத் தவணைத் தேதி நிற்பதில்லை.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்குகிறது. எஞ்சின் வழக்கமாக 90 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்கும். நீரும் கிளைக்காலும் கலந்த இத்திரவம் திறந்த பாத்திரத்தில் 106 டிகிரி அளவில் கொதித்துவிடும். மூடி காக்கும் அழுத்தமே அதனை அதற்கு மேலும் கொதிக்காமல் வைத்திருக்கிறது. எனவே தேய்ந்துபோன மூடியும் ஒரு கசிவே. கசிவைத் தேடும்போது விலை குறைந்த அம்மூடியை முதலில் ஐயுறுவது நன்று.

இது மூடிய சுற்று. நலமாக உள்ள காரில் கூலன்ட் அளவு மாதக் கணக்கில் மாறாமல் இருக்க வேண்டும். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்திச் சேமிப்புக் கலத்தின் இரு கோடுகளையும் பாருங்கள். மாதந்தோறும் சிறிது ஊற்ற வேண்டியிருந்தால் திரவம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதே பொருள். ஊற்றிக்கொண்டே ஓட்டுவது சிக்கனம் போலத் தோன்றும். எம் கருத்தில் அதனினும் வீண்செலவு வேறில்லை.

காருக்கு அடியில் ஈரம் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. ஏ.சி. இயங்கியபின் சொட்டுவது நிறமும் மணமும் இல்லாத தூய நீர். கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என நிறம் கொண்டது, விரலில் வழவழக்கும், இனித்த மணம் வீசும். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள்; காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். ஹோஸ் குழாய்களின் இணைப்புகளிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பிலும் காய்ந்த உப்புப் படிவு தெரிகிறதா எனப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே ஈரம் வழிந்திருந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். காருக்குள் இனித்த மணம் வீசி, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்து, கால்விரிப்பும் நனைந்திருந்தால் குற்றம் ஹீட்டரில்.

கண்ணுக்குப் புலப்படாத கசிவுக்கு அழுத்தச் சோதனை உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மூடியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு உறுதி. வெளியே எங்கும் ஈரமின்றி முள் மட்டும் இறங்கினால் திரவம் எஞ்சினுக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். சைலன்சரில் ஓயாத வெண்புகை, பால் கலந்த தேநீர் போல மாறிய எஞ்சின் ஆயில், கலத்தில் எழும் குமிழிகள் ஆகியவையும் அதற்கு அடையாளங்கள். எரிவாயு கலந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இதனை உறுதிசெய்யும். ‘ரேடியேட்டரை மாற்றிப் பார்ப்போம்’ என்று கூறும் மெக்கானிக்கிடம் இச்சோதனைகளை முதலில் கேட்டுப் பெறுங்கள்.

பழுதுநீக்கம் இடத்திற்கு ஏற்ப மாறும். ஹோஸ், கிளிப், மூடி ஆகியவை எளிய வேலை. பழைய செம்பு ரேடியேட்டரைப் பற்றவைத்தார்கள். இக்காலத்து ரேடியேட்டரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் சுழற்றும் வண்டியெனில், இரண்டையும் ஒருசேர மாற்றினால் கூலி ஒருமுறையோடு முடியும். கசிவடைக்கும் பொடிகள் ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். மீண்டும் நிரப்புகையில் கையேடு கூறும் வகையையே, காய்ச்சி வடித்த நீருடன் சேருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ளே உப்பைப் படியவிடும். சிக்கிய காற்றை வெளியேற்றிய பின், சில நாள் கழித்து அளவை மறுபடியும் பார்க்க வேண்டும். வடித்த பழைய கூலன்ட் இனிப்பான நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

வழியில் வெப்பமுள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். சூடான மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். பீறிடும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். கூலன்ட் முற்றிலும் வெளியேறிவிட்டால் உணரி திரவத்தில் மூழ்காமல் முள் தாழ்ந்து காட்டவும் கூடும். அதை நம்பிப் புறப்பட்டால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

அவ்வாறு நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா? வழக்கமான வாகனக் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. விபத்தில் ரேடியேட்டர் உடைந்தால் அதற்கு இழப்பீடு கோரலாம். ஆனால் அதன்பின் பழுது நீக்காமல் வண்டியை ஓட்டி எஞ்சின் கெட்டால், அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளர் பொறுப்பே எனப் பாலிசி நிபந்தனை தெளிவாகக் கூறுகிறது. இழுவை வண்டியின் கட்டணத்தை அத்தருணத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பு எடுத்துள்ளோர், எவ்வகைச் சேதம் அதில் அடங்கும் என்பதை விதிகளில் இப்போதே படித்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய கார் வாங்கக் கடன் கோருவோருக்கு ஒரு சொல். வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பாருங்கள். கலத்தில் துருநிற நீரோ எண்ணெய்ப் படலமோ உள்ளதா எனக் கவனியுங்கள். நீங்கள் செல்லும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.