போதையை விட்டும் படுக்கையிலேயே கிடக்கிறாரா? நடைப்பயிற்சி ஏன் உதவும்?

போதைப் பழக்கத்தை விட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஆனாலும் பையன் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மாட்டான். பிடித்த பாட்டைப் போட்டாலும் முகத்தில் மலர்ச்சி இருக்காது. 'அதான் விட்டுட்டானே... இன்னும் என்ன சோம்பேறித்தனம்?' என்று வீட்டில் கோபம் வரும்.

அது சோம்பேறித்தனம் இல்லை. மெத்தபெட்டமைன், கொக்கெய்ன் போன்ற போதைப்பொருள்கள், மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைனை மூளையில் அளவுக்கு மீறிப் பெருக வைக்கின்றன. பழக்கம் நீடிக்கும்போது, டோபமைனை ஏற்றுக்கொள்ளும் 'ஏற்பிகள்' குறைந்துவிடுகின்றன. அதனால், போதையை விட்ட பிறகும் சில காலத்துக்கு எதிலும் நாட்டம் இருக்காது. பலர் மறுபடியும் போதையைத் தேடிப் போக இந்த வெறுமையும் ஒரு காரணம்.

ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் உள்ளன. மெத்தபெட்டமைன், கொக்கெய்ன் பழக்கத்துக்கு அப்படிக் கைகொடுக்கும் மருந்துகள் இல்லை. கவுன்சலிங்தான் முக்கிய சிகிச்சை. கூடவே உடற்பயிற்சி உதவுமா என்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஆராய்ந்தார்கள்.

மெத்தபெட்டமைன் பழக்கத்துக்காக மையத்தில் தங்கி சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் 3 நாள், 8 வாரங்களுக்கு ட்ரெட்மில் நடை, ஓட்டம், எடைப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன. அவர்களில் சிலருக்கு எடுத்த மூளை ஸ்கேனில் டோபமைன் ஏற்பிகள் மீண்டு வருவது தெரிந்தது. 2016-ல் வெளியான இந்த ஸ்கேன் ஆய்வில் பங்கேற்றவர்கள் 19 பேர்தான்.

ஆனால், 302 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், போதையிலிருந்து விலகியிருப்பதில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணை மட்டுமே. அதற்கு மாற்று ஆகாது.

ஆரம்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* இந்தப் போதைப்பொருள்கள் இதயத்தைப் பாதிக்கும். மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் இ.சி.ஜி-யும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

* முதல் நாளே ஜிம் வேண்டாம். பத்து நிமிட நடை போதும்; மெள்ள மெள்ளக் கூட்டலாம்.

* 'வாழவே பிடிக்கலை' என்று பேசினால், தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

* போதை மீட்பு ஆலோசனைக்கு, கட்டணமில்லா தேசிய உதவி எண்: 14446.

நாளைக் காலை திட்டுவதற்குப் பதிலாக, நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு, 'வாப்பா, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்' என்று கூப்பிட்டுப் பாருங்கள்!