ஓர் அடி ஆழத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் மேற்குப் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மலை கூடவே வரும். மலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் கண்மாய், தோப்பு, நெல் வயல். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் சேற்றில் வெறுங்காலோடு இறங்கித்தான் நடவு. சேற்றுப்புண்ணையும் கால் வெடிப்பையும் இங்கே யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடிப்போனால், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியில் ஒரு சுற்று.

அந்த வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகக்கூடிய பாக்டீரியா ஒன்று உண்டு. பர்கோல்டேரியா சூடோமல்லை என்று பெயர். வெப்ப நாடுகளின் ஈர மண்ணில் குடியிருப்பது. அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். நுரையீரலைப் பிடித்தால் காசநோய் மாதிரி இருக்கும். கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக உட்காரும். ரத்தத்தில் கலந்தால் சில நாட்களிலேயே ஆளை முடித்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து பல மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தலையெண்ணி எடுத்த கணக்கல்ல, மதிப்பீடுதான். பல ஊர்களில் தேடவே ஆளில்லாதபோது எண்ணுவது எப்படி?

முதலில் தேடியவர்கள் ரங்கூன் மருத்துவமனையில் இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும். 1911இல் இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது கண்டார்கள், 1912இல் எழுதினார்கள். நோய்க்கு 'விட்மோர் நோய்' என்று பேர் வந்தது. கிருஷ்ணசாமி பேரை விட்டுவிட்டார்கள். உதவியாளர்கள் பாடு எப்போதும் அப்படித்தான்.

மண்ணில் இதைக் கண்டுபிடிப்பது களையெடுப்பு மாதிரி. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். நமக்கு வேண்டியது அதில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும். மேல்மண் வெயிலில் காய்ந்துவிடும் என்பதால் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுக்க வேண்டும். ஒரே குழியை நம்பக்கூடாது. இரண்டரை மீட்டர் தள்ளிப் பாக்டீரியா இருக்கும், இங்கே இருக்காது. அதனால் 2013இல் வகுத்த சர்வதேச வழிமுறை, ஒரு வயலில் கட்டம் போட்டு 100 குழி தோண்டச் சொல்கிறது. குழிக்குக் குழி கருவியைக் கழுவித் துடைக்க வேண்டும்.

ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 கிராம் மண். அதை ஊறவைக்கும் திரவத்தில் சாப்பாடு என்று இருப்பது கிட்டத்தட்ட திரியோனைன் என்ற ஓர் அமினோ அமிலம் மட்டும். கூடவே கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக். மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை பட்டினியிலோ மருந்திலோ ஒடுங்கும். நம்ம ஆள் இரண்டையும் தாங்கிப் பெருகும். 40 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வைத்து, அதில் ஒரு துளியை ஆஷ்டவுன் அகார் தட்டில் தேய்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான, கிருமி வளர்க்கும் ஊடகம் இது; இதில் களைக்கொல்லி ஜென்டாமைசின். முதலில் குண்டூசித் தலை அளவில் புள்ளிகள். நாளாக ஆக ஊதா நிறமேறி, காய்ந்த சுண்டைக்காய் வற்றல் போலச் சுருங்கும். மண்வாசனை வரும் என்கிறார்கள். மூக்கால் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம், மூச்சு வழியாகவும் தொற்றும். கடைசியில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். 100 குழியிலும் எதுவும் முளைக்கவில்லை என்றாலும் அந்த வயலில் இல்லவே இல்லை என்று எழுதிக்கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. 1990களிலேயே இந்த நோயைப் பற்றி எழுதியது. ஆனால் கிருமியை அறியாத ஆய்வகத்தில், நோயாளியிடம் எடுத்த மாதிரியில் இது முளைத்தாலும், 'ஏதோ சூடோமோனாஸ்' வகைக் கிருமி என்று எழுதிவிடுவார்கள், அல்லது தட்டில் தவறி விழுந்த அழுக்கு என்று கொட்டிவிடுவார்கள். அது பெரிய நஷ்டம். காய்ச்சல்காரருக்கு வழக்கமாகப் போடும் மருந்துகள் பலவும் இதனிடம் செல்லாது, ஜென்டாமைசின் உட்பட. தட்டில் அடையாளம் காட்டிய அதே பிடிவாதம் நோயாளியின் உடம்பிலும் இருக்கும். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பில் ஏற வேண்டும். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும், அடுத்த நடவுக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில், மாத்திரையை நிறுத்திவிட்டால் கிருமி திரும்பி வருவதுண்டு.