கண்ணுக்குச் சாயம் ஏற்றும் டெஸ்ட்: படங்களை வாங்காமல் வராதீர்கள்

சர்க்கரை நோயால் பார்வை மங்கியவரிடம் கண் டாக்டர் "ஆஞ்சியோகிராம் எடுக்கணும்" என்றதும், இதயத்துக்கு என்று பயந்து திரும்பி வராமலே போகிறவர்கள் பலர். எடுத்துக்கொள்கிறவர்களோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி ஊசி, மறுபடி பணம்.

கண் ஆஞ்சியோகிராமில் தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செருகுவதில்லை, எக்ஸ்ரேயும் கிடையாது. கை நரம்பில் ஏற்றும் ஃப்ளோரசின் சாயம் 10, 15 விநாடியில் விழித்திரையை எட்டும். நீல ஒளியில் வரிசையாகப் படம் எடுப்பார்கள். எந்த ரத்தக் குழாய் கசிகிறது, எது அடைபட்டிருக்கிறது என்பது அதில் தெரியும். அடியிலுள்ள கோராய்டு படலத்தை நன்றாகப் பார்க்க இண்டோசயனின் கிரீன் என்ற வேறு சாயம் உண்டு. அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளோரசினால் தோல் மஞ்சளாவதும் சிறுநீர் நிறம் மாறுவதும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். குமட்டலும் வரலாம். அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். மிக அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். ஊசி ஏறும்போது கை எரிந்தாலும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்திருக்கலாம். பழைய ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது எதையும் மறைக்காதீர்கள். அட்ரினலினும் ஆக்சிஜனும் அறையில் தயாராக இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

இனி படங்கள். கொடுத்தாலும் ஒரே ஒரு பிரின்ட்டைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அது போதாது. முதல் விநாடிகளின் படத்தையும் பத்து நிமிடம் கழித்து எடுத்ததையும் ஒப்பிட்டால்தான் கசிவு புலப்படும். ஆகவே நேரம் பதிந்த எல்லாப் படங்களையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேளுங்கள்.

"சிஸ்டத்தில் இருக்கு, தர முடியாது" என்றால் எழுதிக் கொடுங்கள்: நோயாளி பெயர், பதிவு எண், பரிசோதனை நடந்த தேதி, "எல்லாப் படங்களும் அறிக்கையும் தேவை" என்ற ஒரு வரி. நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு செல்லாக்காசு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2-ன்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். தராவிட்டால் முத்திரையிட்ட நகலை இணைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டுக்குள் போகலாம். அரசு மருத்துவமனை என்றால், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்ட மனு. பதிலுக்குக் கெடு 30 நாள்.

தள்ளிப்போடாதீர்கள். 3 ஆண்டுக்கு மேல் ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அந்த நடத்தை விதிகளில் இல்லை.