பருத்த உடம்பும் பல் ஈறும்



பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறதா? "உடம்புச் சூடு, தானா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பல்லில் படியும் அழுக்கில் வளரும் கிருமிகளே ஈறு வீக்கத்துக்குக் காரணம். வயிற்றில் கொழுப்பு மிகுந்தால், அது வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலக்கிறது. ஈறு மேலும் வீங்கும், ஆறவும் நாளாகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

பிள்ளையின் தெற்றுப்பல்லுக்குக் கிளிப்பு போடணுமா? கிளிப்பு அழுத்தும் பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு வளர்வதால்தான் பல் நகர்கிறது. ஈறு நோயோடு போட்டால் எலும்பு அளவுக்கு மீறித் தேய்ந்து பல் ஆடக்கூடும். ஆகவே, முதலில் ஈறை ஆற்றுங்கள்; பிறகு கிளிப்பு.

என்ன செய்யணும்?

- காலையும் இரவும் பல் துலக்குங்கள்.
- லாரியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் நடங்கள்.
- மரவள்ளி சிப்ஸைக் குறைத்து, கீரை, பயறு சேருங்கள்.
- புகையிலையை விடுங்கள்.
- சர்க்கரை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். சர்க்கரை நோயும் ஈறைக் கெடுக்கும்.
- ரத்தம் நிற்காவிட்டால் அரசு ஆஸ்பத்திரி பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈறு உறுதியானால் பல் உறுதி!