கறுப்பு அங்கி – 9: சாக்கில் இருப்பது எத்தனை கிலோ?

பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருட எல்எல்.பி.க்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், படிச்ச மூணு வருஷம் வீணாப் போச்சா?" வரலாறோ அரசியலோ படித்தவர்கள் தங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. தாவரவியல், விலங்கியல் படித்தவர்களுக்கு இந்த ஏக்கம் இன்னும் அதிகம். ஆகவே தாவரவியலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கஞ்சா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தை என்.டி.பி.எஸ். என்றுதான் கோர்ட்டில் சொல்வோம். அதன்படி கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 வருட சிறை. அது பிற்பாடு. முதலில் ஜாமீனுக்கே 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பிடிபட்டவர் குற்றம் செய்திருக்கமாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குப் படவேண்டும். வெளியே போய் மறுபடி செய்யமாட்டார் என்றும் தோன்றவேண்டும். விசாரணைகூடத் தொடங்காத நிலையில் இதைக் காட்டுவது லேசில்லை. 20 கிலோவுக்குள் என்றால் இந்தத் தடை கிடையாது.

போலீஸ் சாக்கை அப்படியே தராசில் ஏற்றுகிறது. 22 கிலோ என்று மகஜரில் எழுதுகிறது. அந்த 22 கிலோவில் தண்டு இருக்கும், உதிர்ந்த இலை இருக்கும், விதை இருக்கும். சட்டம் கஞ்சா என்று சொல்வதோ செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை. விதையும் இலையும் அந்த நுனிகளோடு சேர்ந்து வந்தால் கணக்கில் வரும், இல்லாவிட்டால் வராது. "நுனியைத் தனியாகப் பிரித்து எடை போட்டீர்களா?" என்ற கேள்வியின் பேரில் பல உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் கிடைத்திருக்கிறது. பூங்கொத்து எது, பூவடிச் செதில் எது, வெறும் இலை எது என்று லேபில் பிரித்துப் பார்த்தவருக்கு அந்தப் பிரிவைப் படிக்கும்போதே செடி கண்முன் வந்துவிடும். மற்றவர்களுக்கு அது வெறும் வாக்கியம்.

ஆனால் அதே தாவரவியல்காரர் வழுக்கி விழும் இடமும் இதுதான். இலையும் அதே செடிதானே, போதை தரும் வேதிப்பொருள் இலையிலும் இருக்கிறதே என்று அவருடைய படிப்பு சொல்லும். சொல்லட்டும். சட்டம் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கிறது. படித்த அறிவியலைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுப் பிரிவின் சொற்களை மட்டும் படிக்கத் தெரியவேண்டும். பிறகு தேவையான அளவுக்கு அறிவியலைத் திரும்பக் கூப்பிடவேண்டும். அறிவியல் மாணவர் சட்டக் கல்லூரிக்குச் செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு என்று நான் நினைப்பது முக்கியமாக இதைத்தான்.

எஞ்சின் தெரிந்தவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் அமைப்புக்கு பஜாஜ் பேடன்ட் வாங்கியிருந்தது. டி.வி.எஸ். 'ஃபிளேம்' என்ற பைக்கைக் கொண்டுவந்தபோது அதிலும் இரண்டு பிளக். வழக்கு வந்தது. பஜாஜ் தன் உரிமைக் கோரிக்கையில் 'சிலிண்டருக்கு இரண்டு வால்வு' என்று எழுதியிருந்தது. ஃபிளேமில் மூன்று வால்வு. அந்த 'இரண்டு' கண்டுபிடிப்பின் உயிர்நாடியா, சும்மா வந்து விழுந்த வார்த்தையா? 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜ் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். டி.வி.எஸ். ஒற்றைப் பிளக்கோடு வண்டியை விற்றது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் கணக்கு வைத்திருக்கவேண்டும், வழக்கை நவம்பருக்குள் முடியுங்கள் என்றது. நவம்பரும் வந்தது, போனது. 2019இல் இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன!

பேடன்ட் பக்கம் போக நினைப்பவர்கள் சட்டப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 21 வயதும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் இருந்தால் பேடன்ட் ஏஜென்ட் தேர்வை எழுதலாம். 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், 50க்கு நேர்முகம். தாளுக்கு 50 வேண்டும், மொத்தத்தில் 150 வேண்டும். முதல் தாள் சட்டமும் விதிகளும், படித்தால் வந்துவிடும். இரண்டாம் தாளில் ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்து உரிமைக் கோரிக்கை எழுதச் சொல்வார்கள். 'இரண்டு வால்வு' போல ஒரு சொல் பிற்காலத்தில் என்ன பாடு படுத்தும் என்று யோசித்து எழுதவேண்டிய தாள் அது. பேடன்ட் சண்டை எஞ்சினோடு நிற்பதும் இல்லை. நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னை பேடன்ட் அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் பேடன்ட் இல்லை என்றது.

இவ்வளவு சொன்னாலும், அறிவியல் படித்தவர் என்றால் பேடன்ட்தான் என்று எல்லோரும் ஒரே பக்கம் கைகாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலை சில பெருநகரங்களோடு நின்றுவிடும். தடய அறிவியல் ஆய்வக அறிக்கையோ எல்லா மாவட்டக் கோர்ட்டுக்கும் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து வருடத்துக்குள் கொண்டுவரவேண்டும். அரசு நிபுணரின் அறிக்கையை அவர் கூண்டேறாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அவரை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யவேண்டுமா என்பது, அறிக்கையைப் புரிந்து படிக்கிற வக்கீலுக்குத்தான் தெரியும். மாதிரியை எப்போது எடுத்தார்கள், எதில் வைத்தார்கள், சீல் சரியா, எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேட்க வேதியியல் பட்டதாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேர்க்கை விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியான மூன்று வருடப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்தான் கணக்கு, நுழைவுத் தேர்வு இல்லை. கடைசி வருடத்தில் இருப்பவர்கள் "சட்டம்தானே படிக்கப்போகிறோம்" என்று அல்ஜீப்ராவில் அரியர் வைக்காதீர்கள். அறிவுசார் சொத்துரிமையை மையமாக வைத்த எல்எல்.பி. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006 முதல் இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022இல் மூன்று வருடப் படிப்பைத் தொடங்கியது. இவை இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு.

கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் வழிகாட்டிப் புத்தகங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். பஜாஜ் வழக்கின் தனி நீதிபதி தீர்ப்பும் அமர்வின் தீர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எஞ்சின் ஒன்று, காகிதம் ஒன்று, விடை மட்டும் எதிரெதிர். யார் சொன்னது சரி என்று உடனே மார்க் போட வேண்டாம். இரண்டு தீர்ப்பும் எந்தப் பத்தியில் பிரிகின்றன என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

அடுத்த வாரம்: சீனியர் ஆபீஸ் தேடும் படலம்.

(தொடரும்)